ஒரே ஒரு ராத்திரி வேலை

இடது கையை இறுக்கி மூடுங்கள். கட்டை விரலை விட்டுவிடலாம். மற்ற நாலு விரல்களின் முட்டிகள் மேடாகத் தெரிகிறதா? ஆள்காட்டி விரல் முட்டியில் ஆரம்பித்து எண்ணுங்கள். மேடு ஜனவரி, பள்ளம் பிப்ரவரி, மேடு மார்ச், பள்ளம் ஏப்ரல்... சுண்டு விரல் முட்டிக்கு வரும்போது ஜூலை. மறுபடி ஆள்காட்டி விரலுக்கே வந்தால் ஆகஸ்ட். மேட்டில் வருகிற மாதத்துக்கு 31 நாள். பள்ளத்தில் வருவதற்கு 30. பிப்ரவரி மட்டும் எதிலும் அடங்காது. அதைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்த வித்தை இது. இதே மேடு பள்ளத்தை எஃகில் செதுக்கி, அடங்காத பிப்ரவரியையும் அடக்கி, ஒரு தங்கக் கூட்டுக்குள் வைத்து, கையில் கட்டிக்கொள்கிற மாதிரி கொடுத்தால் என்ன விலை சொல்லலாம்?

சில சமயம் சில லட்சம். சில சமயம் சில கோடி. ஒரு குறிப்பிட்ட வாட்சுக்கு 150 கோடி ரூபாய்க்கும் மேல். மயக்கம் வருகிறவர்கள் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரவும்.

பெர்பெச்சுவல் காலண்டர் என்று பெயர். தமிழில் நிரந்தர நாள்காட்டி. 30 நாள் மாதம், 31 நாள் மாதம், 28 நாள் பிப்ரவரி, நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் 29... எல்லாம் அதற்குத் தெரியும். பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. சுருள்வில், பல்சக்கரம், நெம்புகோல், அவ்வளவுதான். சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் விமரிசனம் எழுதுகிறோம். மனுஷன் யோசித்து யோசித்துச் செய்த பொருள்தானே இதுவும்? இதற்கும் ஒன்று எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்த வாரம் உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டிருப்பது ஜெனிவாவின் படெக் ஃபிலிப் செய்த 2499 என்கிற மாடல். பெயர்கூட வைக்கவில்லை பாருங்கள், வெறும் நம்பர்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் பாராட்டுவதும் தப்பு, திட்டுவதும் தப்பு.

இந்த வகைக் கடிகாரங்களில் காலம் காலமாக இருந்துவரும் அமைப்பு இது. நாலு வருடத்துக்கு ஒரே ஒரு முறை சுற்றும் சக்கரம் ஒன்று. நாலு வருடம் என்றால் 48 மாதம். ஆகவே அதன் விளிம்பில் 48 இடங்கள். 31 நாள் மாதத்துக்கு மேடு. அப்படி 28 மேடுகள். 30 நாள் மாதத்துக்குப் பள்ளம். அப்படி 16. மிச்சம் நாலும் பிப்ரவரிகள். மூன்றுக்கு ரொம்ப ஆழமான பள்ளம், லீப் வருட பிப்ரவரிக்கு அதைவிடக் கொஞ்சம் ஆழம் குறைவு. ஒரு நெம்புகோலின் மூக்கு இந்த விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கும். பார்வையில்லாதவர் விரலால் எழுத்தைத் தடவிப் படிப்பது போல.

மாதக் கடைசி. மூக்கு மேட்டில் இருந்தால், தேதி முள்ளுக்கு வழக்கமான ஒரு தள்ளு. 31 போய் 1 வரும். மூக்கு பள்ளத்தில் விழுந்திருந்தால் நெம்புகோலுக்கு வீச்சு அதிகம். ஒன்றுக்குப் பதில் இரண்டு தள்ளு. 30-லிருந்து, 31-ஐத் தாண்டி, நேராக 1. ஆழமான பிப்ரவரிப் பள்ளம் என்றால் நாலு தள்ளு. 28-லிருந்து நேராக மார்ச் 1. சில தயாரிப்பாளர்கள் இதையே 12 மாதச் சக்கரமாகச் செய்து, பிப்ரவரிக்கு மட்டும் ஒரு குட்டிச் சக்கரத்தைத் துணைக்கு வைப்பார்கள். தத்துவம் ஒன்றுதான். உங்கள் முஷ்டிதான்.

இதை முதலில் பாக்கெட் கடிகாரத்தில் செய்து காட்டியவர் தாமஸ் மட்ஜ் என்கிற ஆங்கிலேயர், 1762 வாக்கில். கம்ப்யூட்டர், கால்குலேட்டர் எல்லாம் விடுங்கள், மின்சார பல்பு வருவதற்கே இன்னும் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. எழுதி வைத்த விதிகளை ஒரு உலோகத் தகடு தானாகப் படித்து, நாலு வருடத்துக்குப் பிசகாமல் நடந்துகொள்கிறது. இன்றைக்கு நாம் புரோகிராம் என்று சொல்வதும் வேறென்ன? இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டலாம். நான் தட்டிவிட்டேன்.

மணிக்கட்டுக்கு இது வந்தது 1925-ல். படெக் ஃபிலிப்தான் கொண்டுவந்தது. அதன் உள்ளே போட்ட இயந்திரம் 1898-ல், பெண்கள் கழுத்தில் தொங்கவிடும் கடிகாரத்துக்காகச் செய்தது. ஏதோ காரணத்தால் சும்மா கிடந்ததை எடுத்து ஆம்பளை வாட்சுக்குள் வைத்தார்கள். 1941-ல் அதே கம்பெனி 1518 என்ற மாடலைக் கொண்டுவந்தது. நிரந்தர நாள்காட்டி, கூடவே ஓட்டப்பந்தயத்தில் நேரம் பார்க்கிற க்ரோனோகிராஃப், இரண்டும் ஒரே வாட்சில். தொடர் தயாரிப்பாக இப்படி ஒன்றை உலகத்தில் யாரும் அதுவரை செய்ததில்லை. 1954 வரை மொத்தம் 281 செய்தார்கள். அதன் வாரிசுதான் நம்முடைய 2499. 1951-லிருந்து 1985 வரை, 349 மட்டும். 34 வருடத்துக்கு வகுத்துப் பாருங்கள். வருடத்துக்குச் சுமார் பத்து.

பார்க்க எப்படி இருக்கும்? அடக்கமாக இருக்கும். 12-க்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் கிழமை, ஒன்றில் மாதம். 6-க்கு மேலே ஒரு சின்ன வட்டம். அதில் நிலா வளர்ந்து தேயும், அதைச் சுற்றி ஒரு குட்டி முள் தேதி காட்டும். இடது பக்கம் விநாடி, வலது பக்கம் 30 நிமிடக் கணக்கு. இத்தனையும் ஏறக்குறைய முப்பத்தேழரை மில்லி மீட்டர் அகலத்துக்குள். இவ்வளவு சமாச்சாரம் இருந்தும் முகத்தில் நெரிசல் தெரியாது. பத்து விருந்தாளி வந்தும் இரைச்சல் இல்லாத வீடு மாதிரி.

*

இப்போது கதைக்கு வருவோம். 1980 அக்டோபர் 9. நியூயார்க். பீட்டில்ஸ் புகழ் ஜான் லென்னனுக்கு அன்றைக்கு நாற்பது வயது. மனைவி யோகோ ஓனோ பரிசு கொடுக்கிறார். டிஃபனி கடையில் வாங்கிய தங்க 2499. பின்மூடியில் எழுத்துப் பொறித்திருந்தது. அந்த மாதம் வெளிவரவிருந்த லென்னனின் பாட்டு '(ஜஸ்ட் லைக்) ஸ்டார்ட்டிங் ஓவர்'. அந்தத் தலைப்பு, யோகோவின் அன்பு, தேதி, ஊர்.

புதிதாகத் தொடங்குவது என்று அர்த்தம் வரும் பாட்டு அது. ஐந்து வருடம் வீட்டோடு இருந்து பிள்ளை வளர்த்துவிட்டு, மறுபடி ஸ்டூடியோவுக்குப் போன மனுஷருக்கு, 2100 வரைக்கும் தேதி தெரிந்த வாட்ச். இதைவிடப் பொருத்தமாக ஒருத்தி புருஷனுக்குப் பரிசு கொடுக்க முடியாது.

டிசம்பர் 8-ஆம் தேதி ராத்திரி, வீட்டு வாசலிலேயே லென்னனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பரிசு கொடுத்து சரியாக அறுபது நாள்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு கணக்கு மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்த அறுபது நாளில் அந்த வாட்ச், தன்னுடைய வித்தையை எத்தனை தடவை காட்டியிருக்கும்?

எண்ணிப் பாருங்கள். அக்டோபர் முடிந்தபோது 31 நாள் ஆகியிருந்தது. அது சாதாரண வாட்சுக்கும் தெரியும். சிறப்பு வேலை எதுவும் இல்லை. அடுத்தது நவம்பர். 30 நாள். நவம்பர் 30 நள்ளிரவில் மூக்கு பள்ளத்தில் விழ, நெம்புகோல் இரண்டு தள்ளு தள்ளி, 31-ஐத் தாண்டி 1-க்குப் போயிருக்கும். அதற்கப்புறம் எட்டே நாள்.

ஆக, ஒரே ஒரு தடவை. அதுவும் லென்னன் அன்றைக்கு மறக்காமல் சாவி கொடுத்திருந்தால். அந்நேரம் அவர் தூங்கிக்கொண்டிருந்தாரோ, ஸ்டூடியோவில் பாடிக்கொண்டிருந்தாரோ, யார் கண்டது? அத்தனை சக்கரங்களும் காத்திருந்த அந்த ஒரு விநாடியை அவர் பார்க்காமலேயேகூட இருந்திருக்கலாம்.

லென்னனை விடுங்கள். நீங்களும் நானும் முழு வருடம் கட்டினால்தான் என்ன? பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர். ஐந்து மாதக் கடைசிகள். சாதாரணத் தேதி வாட்ச் கட்டியிருப்பவர் இந்த ஐந்து காலையிலும் பக்கத்துக் குமிழைத் திருகித் தேதியைச் சரிசெய்வார். தலைக்கு அரை நிமிடம். நிரந்தர நாள்காட்டி நமக்கு மிச்சப்படுத்தித் தருவது வருடத்துக்கு இரண்டரை நிமிடம்! படெக் ஃபிலிப்பே 1996-ல் ஆண்டு நாள்காட்டி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு 30, 31 தெரியும், பிப்ரவரி மட்டும் தெரியாது. ஐந்து திருகலில் நாலை அது பார்த்துக்கொள்ளும். விலையோ ரொம்பக் குறைவு. அப்படியானால் பெரியவர் வாங்குகிற கூடுதல் பணம் முழுக்க, வருடத்தில் அந்த ஒரு பிப்ரவரிக் காலைக்காக.

உபயோகம் என்கிற தராசில் வைத்தால் இந்த வாட்ச் முதல் சுற்றிலேயே அவுட். ஆனால் உபயோகத்தை மட்டும் பார்த்தால் வாசலில் கோலம்கூட அவுட்தான். ஆகவே அந்தத் தராசை ஓரமாக வைத்துவிட்டு, அது தானாகச் சொல்லிக்கொள்கிற பெருமையை மட்டும் சோதிப்போம். நிரந்தரம் என்கிறதே, நிரந்தரம்தானா?

*

இல்லை. இதுதான் முதல் குற்றச்சாட்டு.

1582-ல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி காலண்டரைத் திருத்தினார். அதுவரை சேர்ந்த பிசகைத் தீர்க்க, அக்டோபர் 4-க்கு அடுத்த நாளே அக்டோபர் 15 என்று அறிவித்தார். பத்து நாள் காணாமல் போனது. இனிமேல் பிசகு சேரக் கூடாது என்பதற்காக ஒரு விதி. நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப். ஆகவே 1900 லீப் இல்லை. 2000 லீப். 2100 லீப் இல்லை.

நம் 48 மாதச் சக்கரத்துக்கு நாலு வருடம்தான் தெரியும். நானூறு வருடம் தெரியாது. 2100 பிப்ரவரி 28 முடிந்ததும், உலகம் மார்ச் 1-க்குப் போகும்போது, அது 29 என்று காட்டிக்கொண்டு நிற்கும். யாராவது ஒரு தடவை திருத்திவிட்டால் அடுத்து 2200 வரை கவலை இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், காசியோவின் மலிவான டிஜிட்டல் வாட்சுகள் பலவற்றின் தானியங்கிக் காலண்டரும் 2099 வரைதான். கோடிக்கும் ஆயிரத்துக்கும் ஒரே எல்லை!

இந்த எல்லையைத் தாண்ட ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் படும் பாடு தனிக் காமெடி. ஐடபிள்யூசி கம்பெனியில் குர்ட் கிளாவுஸ் என்ற மேதை 1985-ல் டா வின்ச்சி என்ற வாட்சைச் செய்தார். வருடத்தையே நாலு இலக்கத்தில் காட்டும். 19, 20, 21 என்ற நூற்றாண்டு எண்கள் எழுதிய பட்டை உள்ளே இருந்தது. 2200 வந்தால்? அதற்கான உதிரிப் பட்டையைச் சின்ன கண்ணாடிக் குழாயில் போட்டு, வாட்சோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். கொள்ளுப் பேரனுடைய கொள்ளுப் பேரன் அந்தக் குழாயை எந்த மேஜை டிராயரில் தேடுவான், சொல்லுங்கள்! அதே கம்பெனி 2024-ல் ஒருபடி மேலே போய், 400 வருடத்துக்கு ஒருமுறை சுற்றும் சக்கரத்தை வைத்தது. நானூறு வருடத்தில் ஒரு சுற்று. அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று பார்த்துச் சொல்ல எத்தனை தலைமுறை வேண்டும்?

இரண்டாவது குற்றச்சாட்டு. 2499-க்கு லீப் வருடம் தெரியும். ஆனால் நமக்குச் சொல்லாது. டயலில் அதற்கு இடமே கொடுக்கவில்லை. இப்போது ஓடுவது நாலில் எந்த வருடம் என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. 1986-ல் வந்த அடுத்த மாடலான 3970-ல்தான் அதைக் காட்டினார்கள். கெட்டிக்காரப் பையன், ஆனால் வாயைத் திறக்க மாட்டான் என்கிற கதை.

மூன்றாவது, எஞ்சின். 2499-ன் அடிப்படை இயந்திரம் வால்ஜு என்ற வெளிக் கம்பெனியிலிருந்து வாங்கியது. அதைச் செதுக்கி, மெருகேற்றி, மேலே நாள்காட்டியைச் சேர்த்தது ஜெனிவாவின் கைவேலை. இதை ஒரு ரகசியம் போலக் காதோடு சொல்வார்கள். என்னைக் கேட்டால் இது குற்றமே இல்லை. மாவு எங்கே வாங்கினால் என்ன, தோசை யார் சுட்டது என்பதுதானே முக்கியம்? தள்ளுபடி.

நாலாவதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. இந்த வாட்சுக்கு தினமும் சாவி கொடுக்க வேண்டும். கையில் கட்டினால் தானாகச் சுற்றிக்கொள்ளும் ரகம் இல்லை. ஒருநாள் மறந்தால் சமாளிக்கும். இரண்டு மூன்று நாள் விட்டால் நின்றுவிடும். நின்றால் மணி மட்டுமா நிற்கும்? தேதி, கிழமை, மாதம், நிலா, லீப் கணக்கு எல்லாம் சேர்ந்து நிற்கும். மறுபடி ஓட்ட, கேஸின் ஓரத்தில் இருக்கும் பொடிப் பொத்தான்களை ஒரு குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். அதுவும் ராத்திரி நேரத்தில் கூடாது. தேதி மாறுவதற்காகச் சக்கரங்கள் கோத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அழுத்தினால் பல் உடையும்.

நாலு வருடத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள்கிற இயந்திரம், நாளைக் காலையில் ஒரு ஆள் மறக்காமல் வந்து சாவி கொடுப்பார் என்று நம்பிக் கிடக்கிறது. அதன் நிரந்தரம் அந்த ஆளின் விரலில் இருக்கிறது. இதைக் குற்றம் என்று எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிப்பதற்குள் அதுதான் இந்த வாட்சிலேயே எனக்குப் பிடித்த விஷயம் ஆகிவிட்டது. வீட்டில் வளர்க்கிற செடி மாதிரி, தினம் யாராவது கவனித்தால்தான் உண்டு.

*

சரி, அந்த ஆள் வருகிறாரா? இங்கேதான் சந்தை உள்ளே நுழைகிறது. கொஞ்சம் கணக்குப் பேசுவோம். பி.காம். படித்த தோஷம், சொல்லாமல் இருக்க முடியாது.

1518 மாடலில் பெரும்பாலானவை தங்கம். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்ததாக இதுவரை தெரிந்தவை நாலே நாலு. தங்கத்தைவிட எஃகு விலை அதிகம். ஏன்? எஃகு அரிது என்பதால்! 1943-ல் செய்த அந்த நாலில் ஒன்று, 2016 நவம்பரில் ஜெனிவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1 கோடியே 10 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்க். அதுவரை எந்தக் கைக்கடிகாரமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. அதே வாட்ச், 2025 நவம்பரில் மறுபடி அதே ஏலக் கம்பெனிக்கு வந்தது. 1 கோடியே 41 லட்சம் ஃபிராங்குக்கு மேல். ஆரம்பத்தில் சொன்ன 150 கோடி சமாச்சாரம் இதுதான்.

'ஆஹா, என்ன ஒரு முதலீடு!' என்று எழுதினார்கள். கூட்டுவட்டிக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒன்பது வருடத்தில் வருடத்துக்கு 3 சதவீதம்கூட இல்லை. அதிலும் அந்த விலையில் ஏலக் கம்பெனியின் கமிஷன் சேர்ந்திருக்கிறது. விற்றவர் கைக்குப் போனது அதைவிடக் குறைவு. ஒன்பது வருட இன்ஷூரன்ஸ், லாக்கர் செலவு தனி. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்தக் காலத்தில் ஃபிராங்கில் பேங்க் வட்டி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ரூபாயில் கணக்குப் பார்த்தால் பணம் இரட்டித்திருக்கிறது. அது வாட்சின் சாமர்த்தியம் இல்லை, ஃபிராங்கின் சாமர்த்தியம். உலகத்தின் ஆகப் பிரபலமான நிரந்தர நாள்காட்டி, முதலீடாகப் பார்த்தால் சுமார் ரகம். இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

என் வருத்தம் அதில்லை. இந்தச் சந்தையில் விலை ஏற என்ன செய்ய வேண்டும் தெரியுமா? கட்டக் கூடாது. கீறல் விழக் கூடாது. பாலிஷ் போடக் கூடாது. வாங்கின நாளில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும். வாட்ச் கையில் இருந்த நாள் கூடக் கூட விலை குறையும். லாக்கரில் கிடந்த நாள் கூடக் கூட விலை ஏறும். 1945-லும் 1965-லும் இவற்றை வாங்கியவர்கள் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனார்கள், கை கழுவினார்கள், கார் ஓட்டினார்கள். இன்றைய சந்தை அந்த வாழ்க்கையைத் தேய்மானம் என்ற தலைப்பில் பற்று எழுதுகிறது.

படெக் ஃபிலிப்புக்கு 1996-லிருந்து ஒரு விளம்பரம் வருகிறது. அப்பா, பையன் படம் போட்டு, இது உங்களுடைய சொத்து இல்லை, அடுத்த தலைமுறைக்காக நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான் என்ற பொருளில் நாலு வார்த்தை. பிரமாதமான விளம்பரம். செலவு செய்கிற குற்ற உணர்ச்சியை ஒரே வரியில் கடமையாக மாற்றிவிடுகிறது. ஆனால் பார்த்துக்கொள்வது என்றால் என்ன? தினமும் சாவி கொடுப்பதா? கொடுக்காமல் பூட்டி வைப்பதா? விளம்பரம் முதலாவதைச் சொல்கிறது. ஏல மேடை இரண்டாவதற்குப் பரிசு கொடுக்கிறது.

*

லென்னனின் வாட்சுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள் அல்லவா?

யோகோ அதைப் பூட்டி வைத்தார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வராது. அறுபது நாள் கட்டிய வாட்சை எந்த மனைவிதான் இன்னொருவர் கையில் பார்ப்பாள்? பல வருடம் கழித்து, அவரிடம் வேலை பார்த்த கார் டிரைவர் வழியாக அது வெளியே போனது. யோகோதான் கொடுத்தார் என்பது டிரைவர் தரப்பு. வாட்ச் ஜெர்மனிக்குப் போய், அங்கே ஒரு ஏலக் கம்பெனி வழியாக 2014-ல் ஒரு சேகரிப்பாளர் கைக்கு வந்தது. அவர் மதிப்புப் போடுவதற்காக ஜெனிவாவில் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்திடம் கொண்டுபோக, அவர்கள் யோகோவின் வக்கீலைத் தொடர்புகொள்ள, அப்போதுதான் வாட்ச் வீட்டில் இல்லை என்பதே யோகோவுக்குத் தெரிந்தது.

இதை இன்னொரு தடவை படியுங்கள். அப்போதுதான் தெரிந்தது. திருடு போய் வருடங்கள் ஆகியும் தெரியவில்லை. தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும் வாட்ச், காணாமல் போனதே தெரியாத அளவுக்கு நின்றுபோயிருந்தது.

வழக்கு ஜெனிவாவில் ஆரம்பித்து, லோசானில் இருக்கும் ஸ்விஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 நவம்பரில் தீர்ப்பு. வாட்ச் திருட்டுப் பொருள். அதை யோகோ யாருக்கும் தானமாகக் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை. சொந்தக்காரர் அவர் ஒருவரே. அப்போது அவருக்கு வயது 91.

இந்த 44 வருடத்தில் அந்த வாட்ச் ஓடிக்கொண்டே இருந்திருந்தால், நாலு வருடச் சக்கரம் சரியாகப் பதினோரு சுற்று சுற்றியிருக்கும். 220 மாதக் கடைசிகளில் மூக்கு பள்ளத்தில் விழுந்திருக்கும். 220 வித்தை. லென்னனின் மணிக்கட்டில் நடந்தது, நடந்திருந்தால், ஒன்று.

இன்னொன்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவேளை அந்த டிசம்பர் 8 ராத்திரியோடு வாட்ச் நின்று, யாரும் தொடாமல் அப்படியே இருந்திருந்தால்? 2024 டிசம்பர் 8 அன்று சாவி கொடுத்தால் போதும். தேதி சரியாக இருக்கும். மாதம் சரி. 1980 லீப் வருடம், 2024-உம் லீப் வருடம், அந்தக் கணக்கும் சரி. நிலாவையும் கிழமையையும் மட்டும் சரிசெய்ய வேண்டும். 1980-ல் அது திங்கட்கிழமை. 2024-ல் ஞாயிறு. 44 வருடத்துக்கு, கிழமையில் ஒரே ஒரு நாள் வித்தியாசம்.

மார்க் போடச் சொன்னால் நான் இப்படித்தான் போடுவேன். மூளைக்கு 10-க்கு 10. முகத்துக்கு 9, லீப் வருடத்தை மறைத்ததற்காக ஒன்று குறைத்து. பெயருக்கு 5, நிரந்தரம் என்று பொய் சொன்னதற்காக. சந்தைக்குப் போட மாட்டேன். அது வாட்சின் தப்பு இல்லை. செய்தவர்கள் ஓடுவதற்காகச் செய்தார்கள். வாங்குகிறவர்கள் நிறுத்தி வைப்பதற்காக வாங்குகிறார்கள். லாக்கரில் நின்றுகிடக்கும் நிரந்தர நாள்காட்டி, கிழிக்காமல் ஆணியில் தொங்கும் தினசரி காலண்டருக்குச் சமம். தாள் கசங்காமல் இருக்கும், தேதி மட்டும் தப்பு.

உங்களிடம் கோடிகள் இருந்து, இப்படி ஒன்று வாங்கினீர்களானால், ஒரே வேண்டுகோள். கட்டுங்கள். கீறல் விழட்டும். நவம்பர் 30 ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, அந்த இரண்டு தள்ளைப் பாருங்கள்.

கோடிகள் இல்லாதவர்களுக்கு: டிசம்பர் 1 காலையில் உங்கள் வாட்ச் 31 என்று காட்டும். குமிழை இழுத்து ஒரு திருகு திருகி 1-க்குக் கொண்டுவாருங்கள். அரை நிமிட வேலைதான்.